இரைச்சல் நீக்கப்பட்ட ஆல்பம்

நான் பாடினால் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபத்து நாலு வயதில் எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான். ஒரு ஹெவி மெட்டல் குழுவின் பாடகனுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹெவி மெட்டல் கேட்டிராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே உடைத்து, சொரசொரப்பாக்கி, ரம்பம் மரத்தில் ஏறுகிற மாதிரி வாசிப்பார்கள். டிரம்ஸ்காரர் இரண்டு கையோடு இரண்டு காலையும் சேர்த்துக்கொள்வார். பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். (நான் தொண்டையிலிருந்து உறுமினேன். வித்தியாசம் அப்போது தெரியாது.) கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் பெரிய நிம்மதி இருக்கிறது. பழகாதவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர். நான் பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பேன். பகலில் ஒரு நூற்பாலையின் லேபில் நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கிட்டார் ஸ்டீபன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக வாசித்துவிட்டு, மதியம் எங்களோடு வந்து அதே விரல்களால் உலகத்தை அழிப்பான். டிரம்ஸ் ஜெகன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எந்தப் பாட்டையும் "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று எண்ணித்தான் தொடங்குவான். தமிழில் எண்ணினால் கால் வராது என்பான். அவன் சித்தப்பாவின் பேண்டேஜ் துணிக் குடோனில்தான் பயிற்சி. நாலு பக்கமும் கூரை வரை பேண்டேஜ் சுருளும் பஞ்சு மூட்டையும் அடுக்கியிருக்கும். நாங்கள் உள்ளே கதறினாலும் வெளியே லோடு ஏற்றுகிறவர்கள் நிம்மதியாக டீ குடிப்பார்கள்.

குழுவுக்குப் பெயர் வைத்தவன் நான். 'கரும்புகை.' கறுப்புத் துணியில் சிவப்பு எழுத்தில், அனல் பறக்க எழுதிவைத்தோம். பார்த்த எல்லோரும் 'கரும்பு கை' என்று படித்தார்கள். சோழபுரத்தில் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர், கரும்பு விவசாயிகளுக்காக நான் ஏதோ சங்கம் ஆரம்பித்திருப்பதாக நினைத்துக்கொண்டு உறுப்பினராகச் சேர வந்தார். அவரைத் திருப்பியனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று.

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ராணுவத்துக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குத் தெரியாது. விடிவதற்குள் போர்வையை உருவிவிட்டு, சோழபுரத்துக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வா என்பார். என் தலைமுடி தோளைத் தொட்ட நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு முடியைப் பார்த்தே பேசினார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ராணுவத்திலோ போலீஸிலோ இருப்பார். நானும் எஸ்.ஐ. தேர்வு எழுதவேண்டும் என்பது அவர் ஆசை. ஆல்பம் போடப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று ரொம்ப நேரம் யோசித்தார்.

"சரி, அதப் போட்டு முடி. நாலு பேரு கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டா, நான் பொறவு வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா முடிய வெட்டிட்டுப் படிக்க உக்காரு."

ஆக, ஆல்பம் சாதாரண ஆல்பம் இல்லை. என் தலைமுடியும் வருங்காலமும் அதில்தான் தொங்கின.

மொத்தம் ஒன்பது பாட்டு. எல்லாம் நான் எழுதியவை. ஆல்பத்தின் பெயர் 'ரத்தப் பிரகடனம்.' (ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைக் கண்டால் அப்போதும் மயங்கி விழுவேன், இப்போதும் விழுவேன்.) முதல் பாட்டு 'சாம்பல் சாம்ராஜ்யம்.' இரண்டாவது 'எலும்புத் தோட்டம்.' மூன்றாவது பாட்டின் பெயர் 'கொடுங்கோலன்.' அதை அப்பாவை நினைத்து எழுதினேன். நினைத்து என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து, பல் விளக்காமல், ஒரே மூச்சில் திட்டி எழுதியது. பயமே இல்லாமல் எழுதினேன். என் உறுமலில் அது வெளியே வரும்போது அவருடைய பெயரையும் ராணுவ எண்ணையும் சேர்த்துப் பாடியிருந்தால்கூட அவருக்கே தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு ஸ்டூடியோ இருந்தது. நடத்தியவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அறுபதை நெருங்கிய வயது, நெற்றி நிறைய விபூதி. பக்திப் பாடல், பால்கோவா கடை விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோ பிரச்சாரம், இவைதான் அவருடைய உலகம். காது மட்டும் அபாரம். மூடிய அறைக்குள் ஒரு நொடி பல்லி கத்தினாலும் பதிவை நிறுத்தி, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வார். ஓடுகிற மின்விசிறியைக்கூட அவருக்குப் பிடிக்காது. இரைச்சல் என்பது அவருக்கு ஜென்மப் பகை. ஹெவி மெட்டல் பதிவு செய்ய இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் போனேன் என்பதை இப்போது எழுதும்போதே காது சூடாகிறது.

என்ன மாதிரிப் பாட்டு தம்பி என்று முதல் நாளே கேட்டார். உணர்ச்சிகரமான பாட்டு என்றேன். அவருக்குத் திருப்தி.

பதிவில் இரண்டு சங்கதிகள் உண்டு. அவற்றை இங்கே சொல்லிவிட வேண்டும். டிரம்ஸ் அடிப்பவருக்கு வழி தெரிவதற்காக, ஒவ்வொரு பாட்டையும் முதலில் நான் சாதாரணக் குரலில், மெல்லமாக ஒரு தடவை பாடிவைப்பேன். மற்றவை பதிவானதும் அதைத் தூக்கி எறிந்துவிடுவது வழக்கம். அதேபோல் ஸ்டீபனின் கிட்டார் இரண்டு விதமாகப் பதிவாகும். ஒயர் வழியாக நேராக வருகிற சுத்தமான சத்தம் ஒன்று. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் போய் உடைந்து, சொரசொரத்து வருகிற சத்தம் ஒன்று. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது சும்மா ஒரு பாதுகாப்புக்கு.

நான் முதன்முதலாக உறுமியபோது அறைக் கதவு திறந்தது. அண்ணாச்சி ஒரு செம்பில் வெந்நீரோடு நின்றார். இரண்டாவது பாட்டுக்கு மிளகும் பனங்கற்கண்டும் வந்தன. மூன்றாவது பாட்டில் அவரே கவலையாகிவிட்டார். தொண்டை ரொம்பப் பழுதாக இருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று ஜெகனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்து, அண்ணாச்சி, இந்த இசையே இப்படித்தான் என்று ரெண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் அந்த வயதில் எனக்கொரு கொள்கை இருந்தது. கலைஞன் விளக்கம் சொல்லக் கூடாது. எனவே தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு, "அது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நான் அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பதிவு முடிந்த கடைசி நாள், தனித்தனியாகப் பதிவான எல்லாத் தடங்களையும் சேர்த்துக் கலக்குகிற மிக்ஸிங் வேலை அண்ணாச்சியிடம் வந்தது. நல்ல ஆல்பத்துக்கு மிக்ஸிங் க்ளீனாக இருக்கவேண்டும் என்று இணையத்தில் எங்கோ படித்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே சரியாகத் தெரியாது. போகிற போக்கில் வாசலில் நின்று, "க்ளீனா இருக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, "அது எம்பொறுப்பு தம்பி" என்றார்.

வெளியீட்டு விழாவை ராஜபாளையத்தில் ஜெகனின் உறவினர் ஒருவரது சின்ன மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்தோம். மில்லில் என் கூட வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். ஸ்டீபனின் சர்ச்சிலிருந்து இரண்டு வரிசை நிறைய வந்தார்கள். அம்மா நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஐந்து பேர். ஐந்து பேரும் கறுப்புச் சட்டை. இணையத்தில் மெட்டல் இசைக்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறவர்கள். அவர்கள் ஒரு வரி நல்லபடியாக எழுதினால் தமிழ்நாட்டில் மெட்டல் கேட்கிற அத்தனை பேருக்கும் எங்களைத் தெரிந்துவிடும் என்ற நினைப்பிலேயே எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நானே அதுவரை ஆல்பத்தைக் கேட்கவில்லை. முதன்முதலில் மக்களோடு சேர்ந்துதான் கேட்பேன் என்று பெருமையாக அறிவித்திருந்தேன். கேட்டிருக்க வழியும் இல்லை. அண்ணாச்சி அன்று காலைவரை மெருகேற்றிக்கொண்டிருந்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கில் போய், பெண்டிரைவை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பினேன். கையில் கொடுக்கும்போது, "நல்லா வந்திருக்கு தம்பி. இம்புட்டு உழைச்சு நான் வேற யாருக்கும் செஞ்சதில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. அப்போது காரணம் வேறு.

மேடையில் நின்று, கேட்கிறவர்களுக்கு இதயம் பலவீனமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று எச்சரித்தேன். சர்ச்சிலிருந்து வந்த ஒரு அம்மா உண்மையாகவே பொத்திக்கொண்டார். பெண்டிரைவைச் செருகினேன்.

புல்லாங்குழல் ஒலித்தது.

தப்பான கோப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிட்டார் வந்தது. பனித்துளி சொட்டுகிற மாதிரி, ஒவ்வொரு தந்தியாக. ஸ்டீபன் எழுந்து நின்றுவிட்டான். அவன் சர்ச்சில் வாசிப்பதைவிட அது சாந்தமாக இருந்தது. ஜெகன் இரண்டு காலாலும் உதைத்த உதையெல்லாம் போய், தூரத்தில் யாரோ பாய் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குமேல் என் குரல். உறுமல் இல்லை. டிரம்ஸுக்கு வழிகாட்ட நான் மெல்லமாகப் பாடிவைத்தேனே, தூக்கி எறியவேண்டிய அந்தக் குரல். எதிரொலியெல்லாம் சேர்த்து, மலைக்கோயில் படிக்கட்டில் நின்று பாடுகிற மாதிரி செய்திருந்தார் அண்ணாச்சி. ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. 'எலும்புத் தோட்டம்' அப்படியே தாலாட்டாகிவிட்டது. காதைப் பொத்தியிருந்த அம்மா கையை எடுத்துவிட்டுத் தலையாட்ட ஆரம்பித்தார்.

எனக்கு அதற்குள் ஒரு விஷயம் உறைத்தது. அடுத்தது மூன்றாவது பாட்டு. நிறுத்தலாம் என்று லேப்டாப்பை நோக்கி ஓடினேன். மதுரைக்காரர்களில் ஒருவர் அதற்குள் அங்கே வந்து, இது எந்த ஆல்பம் என்று குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அவரை நகர்த்துவதற்குள் என் குரல் கிளம்பிவிட்டது.

*அதிகாலை ஐந்துக்கு அரக்கன் எழுவான்*
*அடிமையின் போர்வையை உருவி எறிவான்*
*கஞ்சியில் உப்பில்லை, கண்ணில் கருணையில்லை*
*மோட்டார் போடவா மகனைப் பெற்றான்?*

மில் நண்பர்கள் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். முடி வெட்டு, முடி வெட்டு என்று முழங்குகிற இரண்டாவது சரணம் வந்தபோது அம்மா மெல்ல அப்பா பக்கம் திரும்பினாள். "என்னங்க, இது ஒங்களச் சொல்றான்லா" என்று அவள் ரகசியமாகச் சொன்னது நாலாவது வரிசை வரைக்கும் கேட்டது.

அப்பா அசையவில்லை. மீதி ஆறு பாட்டும் ஓடி முடிந்தன. நான் மேடை ஓரத்தில், ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால், அது இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்கலாமே என்று நினைத்தபடி நின்றேன். கடைசியில் ஊரே கைதட்டியது. நிஜமாகவே தட்டினார்கள். அப்பா எழுந்தார். நேராக மேடைக்கு வந்தார். மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் நின்று முழுசாகக் கேட்டார்.

"ஏலே, நான் நாலரைக்குல்லா எழுப்புவேன். அஞ்சுன்னு எழுதியிருக்க."

அடுத்த வரிக்குப் போனார்.

"கஞ்சியில உப்பு இல்லன்னா அதுக்கு ஒங்கம்மா. அத ஏன் எம்மேல ஏத்துன?"

முதலில் சிரித்தது அம்மா. பிறகு மண்டபம் முழுதும் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் ரொம்ப நாள் கழித்து என் முடியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

மதுரைக்காரர்கள் ஐந்து பேரும் எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் கொஞ்சம் இளகிய மனசுக்காரர் என் தோளைத் தொட்டு, புல்லாங்குழல் நன்றாக இருந்தது என்றார். அது நாங்கள் வாசிக்கவே இல்லை, அண்ணாச்சி சேர்த்தது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு அப்பா என் பைக்கில் ஏறிக்கொண்டார். வீட்டுக்குப் போகவேண்டாம், வயலுக்கு விடு என்றார். சோழபுரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடத் தொடங்கியது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டார். சொன்னால் கேட்டிருப்பீர்களா என்றேன். அவர் அதற்கு யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"கேட்டிருக்க மாட்டேன்தான். எந்திரிச்சுப் போயிருப்பேன். இன்னைக்கு இம்புட்டுப் பேரு நடுவுல எந்திரிக்க முடியல, அதான் முழுசாக் கேட்டேன்."

பிறகு, அந்தப் பாட்டு நிஜத்தில் எப்படி இருக்கவேண்டும், உன் சேக்காளிகள் இரண்டு பேரும் அழுகிற நிலைமையில் இருந்தார்களே, என்று கேட்டார். எப்படிச் சொல்வது? எழுந்து நின்று, முதல் நாலு வரியையும் முழு உறுமலில், அவர் முகத்துக்கு நேராகவே பாடிக் காட்டினேன். பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாகப் பறந்தன. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. எங்கேயோ கேட்ட சத்தத்தை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரி இருந்தார்.

"எங்க சுபேதார் பரேடு கிரவுண்டுல இப்படித்தான் கத்துவாரு. ஒரு எழுத்துப் புரியாது. ஆனா ஐந்நூறு பேரும் திரும்புவோம்." என் தொண்டையைப் பார்த்தார். "ஆனா அவரு தொண்டையில கத்த மாட்டாரு. வயித்துல இருந்து கத்துவாரு. நீ இப்படியே கத்துனா நாளைக்குத் தண்ணி கேக்கக்கூட சத்தம் வராது."

எஸ்.ஐ. தேர்வைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. காலையில் மட்டும் நாலரைக்கு எழுப்பினார்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்து அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். உண்மையைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தப்பு முழுவதும் என்னுடையதுதான், நான் வாயைத் திறந்து சொல்லவில்லை என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவர் ஊமையாக்கி வைத்திருந்த தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றையும் அழிக்கவில்லை. கிட்டாரின் ரம்பம் வந்தது. ஜெகனின் கால்கள் வந்தன. கடைசியாக என் உறுமல் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"இரைச்சல்தான் பாட்டுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி. நான் ராத்திரி பகலா அதத்தான் பொறுக்கி எடுத்தேன்."

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது. பல்லிச் சத்தம் பொறுக்காத காது அது. அதே காதை வைத்துக்கொண்டு, எந்த இரைச்சல் எந்த இரைச்சலை மறைக்கிறது, எது முன்னால் நிற்கவேண்டும், எது பின்னால் போகவேண்டும் என்று மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்தார். என் உறுமலை மட்டும் முதலிலிருந்து திரும்பப் பாடச் சொன்னார். இந்தத் தடவை வயிற்றிலிருந்து பாடினேன். வெந்நீர் தேவைப்படவில்லை. 'கொடுங்கோலன்' பாட்டில் ஐந்து மணியை நாலரையாகத் திருத்திவிட்டேன். உப்பு விஷயத்தை அப்படியே விட்டேன், சந்தம் இடிக்கும் என்பதால்.

ஆல்பம் இணையத்தில் வந்தது. உலகம் கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் மதுரைக்காரர்கள் மறுபடி கேட்டுவிட்டு எழுதினார்கள். இவ்வளவு சுத்தமான இரைச்சலைத் தாங்கள் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி அந்த வரியைத் தாளில் அச்சடித்து ஸ்டூடியோ சுவரில், சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார். அதற்கப்புறம் கோவில்பட்டியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கறுப்புச் சட்டைக்காரர்கள் மடவார் வளாகத்தை விசாரித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். நாங்களும் இரண்டாவது ஆல்பத்தை அங்கேதான் முடித்தோம். மில் வேலையை நான் விடவில்லை. எஸ்.ஐ. தேர்வைப் பற்றி அப்பா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கு அப்படி.

புல்லாங்குழல் ஆல்பத்தை மட்டும் அம்மா யாரிடமும் கேட்காமல் தன் போனில் ஏற்றி வைத்திருந்தாள். சமையலறையில் அதுதான் ஓடும். மூன்று வருடம் கழித்துக் கூமாப்பட்டியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பையன் பாடுவானாமே என்று பெண் வீட்டில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை எடுத்து 'எலும்புத் தோட்டம்' போட்டுவிட்டாள். கூடம் முழுக்கச் சொக்கிப்போனது. எலும்பு என்பது ஏதோ தத்துவமாக இருக்கும் என்று பெண்ணின் தாய்மாமா எல்லோருக்கும் விளக்கினார். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. (கலைஞன் விளக்கம் சொல்லக் கூடாது என்ற கொள்கையை அதற்குள் கைவிட்டிருந்தேன். இது வெறும் பயம்.)

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் மதுரையில் எங்கள் கச்சேரி. என் மனைவி செல்வி தாழம்பூ நிறப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, அந்தக் குரலைக் கேட்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஜெகன் நாலு எண்ணினான். நான் உறுமினேன். அவள் எழுந்து போகவில்லை, முழுசாக இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"காட்டுன சாம்பிள் வேற, வந்த சரக்கு வேற."

அதைப் போய் என் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சர்ச்சுக்காரர்கள் வரை பரப்பினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தில் புதிதாக ஒரு மாப்பிள்ளை வந்தால், இது சாம்பிளா சரக்கா என்று யாராவது கேட்காமல் பந்தி முடியாது.

போன வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே அப்பாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு அழுகை வந்தது. மெல்லிய அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து, அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கதறல். அப்பா சட்டென்று நிமிர்ந்து நின்றார். நர்ஸ் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டபோது செல்வி வியர்த்துக் களைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அந்தச் சின்னஞ்சிறு சிவந்த முகம் இன்னும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாம்பிளே இல்ல" என்றாள். "நேரா சரக்கே வந்துருச்சு."